ஜிப்ஸியின் இருக்கையை 40 மில்லிமீட்டர் பின்னால் தள்ளிய கதை

கொல்லிமலைக்குக் காரவள்ளி வழியாக ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை உண்டு. 40-ஐத் தாண்டும்போது என் இடது முழங்கால் முணுமுணுக்கத் தொடங்கும். 50-இல் இடுப்பும் சேர்ந்துகொள்ளும். மேலே சோளக்காடு என்ற ஊரில் இறங்கியதும் கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்றால்தான் நடக்கவே முடியும். வயதாகிவிட்டது என்று வீட்டில் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். நானும் மேல்முறையீடு செய்யாமல் மூன்று வருடம் ஓட்டினேன்.

வண்டி 1997 மாடல் மாருதி ஜிப்ஸி. 1.3 லிட்டர் எஞ்சின் வைத்த கிங், கார்புரேட்டர் வகை, மேலே துணிக்கூரை. 1981-இல் ஜப்பானில் வந்த ஜிம்னியை நீட்டிச் செய்த உடம்பு. முன்னும் பின்னும் பட்டை வில், இரண்டு பக்கமும் முழு அச்சு. சக்கர இடைவெளி 2,375 மி.மீ.தான். பின்னால் எதிரெதிராக இரண்டு பெஞ்சுகள் இருப்பதால் முன் இருக்கைக்குக் கிடைத்த இடம் அளந்து வைத்தது போல இருக்கும். எனக்கு முன் இதை வைத்திருந்தவர் மிளகு வியாபாரி. செம்மேட்டுக்கு அப்பால் எங்களுக்கும் ஒரு ஏக்கர் நிலம் உண்டு. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி, அடியில் காப்பி. வண்டி மாறினாலும் அதன் வேலை மாறவில்லை.

முழங்கால் வலிக்காக இந்த வேலையைத் தொடங்கியிருப்பேனா என்பது சந்தேகம். ஒரு மழை நாளில் இறங்கிக்கொண்டிருந்தேன். 31-வது வளைவில் பிரேக்கை அழுத்தியதும், இருக்கை என்னையும் சுமந்துகொண்டு 'டக்' என்று, தான் ஓடும் ரெயிலில் ஒரு பல் முன்னே நகர்ந்தது. முழங்கால் டேஷ்போர்டில் இடித்தது. ஸ்டியரிங் மார்புக்கு நெருங்கி வந்தது. நகர்ந்தது ஒரு சென்டிமீட்டர்தான், ஆனால் அந்த ஒரு கணம் பிரேக்கில் இருந்த கால் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. மீதி வளைவுகளை முதல் கியரில், இடது கையால் இருக்கையின் ஓரத்தைப் பிடித்தபடி இறங்கினேன். பிடித்ததால் பயன் எதுவும் இல்லை என்பது அப்போதும் தெரிந்துதான் இருந்தது.

முதலில் செய்தது முட்டாள்தனம். இருக்கை சரியில்லை என்றால் வேறு இருக்கை போட்டுவிட வேண்டியதுதானே என்று, பழைய இரும்புக் கடையில் ஒரு சிறிய காரின் முன் இருக்கைகள் இரண்டை 5,000 ரூபாய்க்கு வாங்கினேன். தலைசாய்ப்பு இருந்தது, சாய்மானத்தைத் திருகும் குமிழ் இருந்தது, துணியும் கிழியவில்லை. கடையில் தரையில் வைத்து உட்கார்ந்து பார்த்தபோது சிம்மாசனம். வண்டிக்குள் வைத்ததும் கதை வேறாகிவிட்டது. பழையதைவிட 60 மி.மீ. உயரம். கண்ணாடியின் மேல்சட்டம் நேராகப் புருவத்துக்கு வந்தது. எதிரே வரும் பஸ்ஸைப் பார்க்கக் குனிய வேண்டியிருந்தது. ஸ்டியரிங் தொடையில் உரசியது. அகலமும் கூட என்பதால் கைபிரேக்கைப் பிடிக்க விரல்களைச் செருகித் தேட வேண்டியிருந்தது. வீட்டுக்கும் முனைக்கும் இரண்டு கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். கடைக்காரர் சிரிக்காமல் 3,000 ரூபாய் எண்ணிக் கொடுத்தார். இப்படித் திரும்பி வரும் முதல் ஆள் நான் இல்லை போலிருக்கிறது.

அதன்பிறகுதான் அளவு நாடாவை எடுத்தேன். வண்டியை மட்டமான சிமெண்டுத் தரையில் நிறுத்தி, நான் ஓட்டும்போது போடும் அதே செருப்புடன் உட்கார, மனைவி நாடாவைப் பிடித்தார். பார்க்க வேண்டியவை நான்கு. கிளட்சைத் தரை வரை மிதித்தாலும் முழங்கால் முழுக்க நீளாமல் கொஞ்சம் மடிந்திருக்க வேண்டும். தோளை எடுக்காமல் கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டியரிங்கின் உச்சியில் படிய வேண்டும். இருக்கையின் முன் விளிம்புக்கும் முழங்காலின் உள்மடிப்புக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் இடம் வேண்டும். கால் பெடலில் இல்லாதபோது தொடை ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது.

என் உயரம் 180 செ.மீ. மிதித்த கிளட்சிலிருந்து சாய்மானத்தின் அடி வரை அளந்தால் 90 செ.மீ. வந்தது. இருக்கையை விட்டுவிட்டு, சுவரோரம் பலகையில் உட்கார்ந்து காலை இயல்பாக நீட்டி அளந்தால் 96 அரை. ஆக எனக்கு வேண்டியது 65 மி.மீ. முழங்கால் இத்தனை நாள் முணுமுணுத்தது அந்த 65 மில்லிமீட்டருக்காகத்தான். கிளட்சை விடும் ஒவ்வொரு முறையும் முழங்கால் மடியத் தேவையான அளவைவிட அதிகமாக மடிந்து, தொடை இருக்கையை விட்டு மேலே எழும்பி நின்றிருக்கிறது. உடம்பின் பாரம் முழுவதும் உட்காரும் எலும்பு இரண்டில் இறங்கியிருக்கிறது. வளைவுக்கு இரண்டு முறை கிளட்ச் என்று வைத்தாலும் மலை ஏறுவதற்குள் 140 முறை.

இருக்கையை லிவர் தூக்கித் தள்ளினால் ஓர் இடத்துக்குப் பின்னே போகாது. அதுதான் கடைசி என்று மூன்று வருடம் நம்பியிருந்தேன். கழற்றத் தொடங்கியபோது அந்த நம்பிக்கையும் கழன்றது.

நான்கு போல்ட்டுகளில் இருக்கை தரையில் நிற்கிறது. முந்தின நாள் இரவே துருக் கழற்றும் எண்ணெய் விட்டு வைத்தேன். முன்பக்கம் இரண்டும் சொன்ன பேச்சைக் கேட்டன. பின்பக்கம் வெளிப்புற போல்ட், பாதி சுற்றில் வெண்ணெய் போல இளகியது. அந்த இளக்கம் வந்தாலே கெட்ட செய்திதான். தலை தனியாகக் கையில் வந்தது. உட்புறத்தில் போல்ட்டும் சுற்றியது, அடியில் தகட்டோடு பற்ற வைத்திருந்த நட்டும் சேர்ந்து சுற்றியது. கடைசியில் கிரைண்டரால் அறுத்துத்தான் இருக்கையை வெளியே எடுத்தேன்.

கவிழ்த்து வைத்து டார்ச் அடித்தேன். ரெயிலின் பின் முனையில் கறுப்பாக ஏதோ இறுகிக் கிடந்தது. தார் என்று நினைத்து ஸ்குரூடிரைவரால் குத்தினால் உருண்டையாகத் தெறித்தது. மிளகு. கிரீஸும் செம்மண்ணும் சேர்ந்த பிசினில் வரிசையாகப் பதிந்த மிளகு. எண்ணிப் பார்த்தேன், இருபத்திரண்டு. ஒன்றை நகத்தால் நசுக்கினேன். இத்தனை வருடத்துக்குப் பிறகும் மூக்கில் ஏறியது. சாக்கிலிருந்து சிந்தியவை உருண்டு வந்து ரெயிலில் விழுந்து, கிரீஸில் ஒட்டி, இருக்கை பின்னால் வரும் ஒவ்வொரு முறையும் மிதிபட்டு இறுகிவிட்டிருக்கின்றன. கடைசி இரண்டு பற்களை அவைதான் அடைத்திருந்தன. ஒரு பல்லுக்கு 12 மி.மீ. என்றால் 24 மி.மீ. இடம் சும்மா கிடைத்தது.

இதில் கிரீஸுக்கும் பங்கு உண்டு. மண் சாலையில் ஓடும் வண்டியில் ரெயிலுக்குக் கெட்டியான கிரீஸ் போட்டால் அது தூசியைச் சேர்த்து உப்புத்தாள் போல ஆகிவிடும். டீசலில் ஊறவைத்து, நைலான் பிரஷ்ஷால் தேய்த்து, துணியால் துடைத்து உலர்த்தினேன். பிறகு உலர்ந்து படியும் சிலிக்கோன் ஸ்பிரே மட்டும் அடித்தேன்.

தரைதான் மனதைக் கொஞ்சம் கலக்கியது. கால்மிதி மேட்டின் அடியில் சணல் விரிப்பு, அதில் ஈரம். துணிக்கூரை வண்டியில் மழை எங்கிருந்து உள்ளே வருகிறது என்று தேடுவது வீண் வேலை. ஸ்குரூடிரைவரின் கைப்பிடியால் தட்டிக்கொண்டே போனால் நல்ல தகடு 'டங்' என்கிறது, கெட்ட தகடு 'பொத்' என்கிறது. பின் உட்புற போல்ட்டைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்குப் பொத்தென்றது. டிங்கரிங் பட்டறையில் அந்த இடத்தை வெட்டி எடுத்துவிட்டு 1.2 மி.மீ. தகடு வைத்துச் சுற்றிலும் பற்ற வைத்தார்கள். மேலே ஜிங்க் பிரைமர், விளிம்புக்கு சீலன்ட், அடியில் தார்ப்பூச்சு.

பற்ற வைப்பதற்கு முன் பேட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும், சணலையும் மேட்டையும் வெளியே எடுத்துப்போட வேண்டும், வண்டிக்கு அடியில் படுத்து எந்தக் குழாய் எங்கே போகிறது என்று சாக்பீஸால் குறிக்க வேண்டும். பிரேக் குழாயும் பெட்ரோல் குழாயும் ஒயரும் தரைக்குக் கீழேதான் ஓடுகின்றன. ஜிப்ஸியில் டேங்க் பின்னால் இருக்கிறது, அதுவரை நிம்மதி. வில்லிஸ் வழி வந்த பழைய ஜீப்புகள் பலவற்றில் டேங்க் ஓட்டுநர் இருக்கைக்கு அடியிலேயே உட்கார்ந்திருக்கும். அந்த வண்டி வைத்திருப்பவர்கள் என் குறிப்பைப் படித்துவிட்டு வெல்டிங் கம்பியைத் தூக்க வேண்டாம்.

மீதி 41 மி.மீ. வேண்டும். அதை எங்கிருந்து எடுப்பது? சாய்மானத்துக்கும் பின் பெஞ்சின் முனைக்கும் நடுவே அளந்தால் 52 மி.மீ. இருந்தது. சாய்மானம் அதிர்ந்து இடிக்காமல் இருக்க 10-ஆவது விட வேண்டும். இன்னொரு பக்கம் மனைவி. அவர் உயரம் 155 செ.மீ.; நாமக்கல்லுக்குள் இந்த வண்டியை என்னைவிட அதிகம் ஓட்டுபவர். முன்னேயிருந்து நான்காவது பல்லில் உட்காருவார். ரெயிலை 40 மி.மீ. பின்னால் தள்ளினால் மூன்று பல்லும் கொசுறும் அவருக்குப் போய்விடும். ஆக முதல் பல்லுக்கு வந்தாக வேண்டும். 50 தள்ளினால் கிளட்ச் எட்டாது. பெஞ்சு சொன்னதும் 40, மனைவி சொன்னதும் 40. அதற்கு மேல் நான் வாதாடவில்லை.

ரெயிலை அறுத்து நீட்டிப் பற்ற வைத்துத் தருவதாக ஒரு பட்டறையில் சொன்னார்கள். அரை மணி நேர வேலை, 400 ரூபாய். வேண்டாம் என்றேன். ரெயிலும் அதன் பற்களும் கொக்கியும் பதப்படுத்திய எஃகு. பற்ற வைத்தால் அந்த இடத்தில் பதம் போய்விடும். கொஞ்சம் கோணினாலும் கொக்கி பல்லில் உட்காராது. இருக்கை என்பது விபத்தில் நம் எடையைப் போலப் பல மடங்கைத் தாங்க வேண்டிய பொருள். அங்கே பற்றவைப்பை நம்ப மனம் வரவில்லை.

அதற்குப் பதிலாக ஒரு ரெயிலுக்கு ஒன்று என இரண்டு இரும்புப் பட்டைகள் செய்தோம். 40 மி.மீ. அகலம், 10 மி.மீ. கனம், 400 மி.மீ. நீளம். பட்டை பழைய ஓட்டைகளில் தரையோடு பிணைகிறது. ரெயில், பட்டையில் 40 மி.மீ. பின்னே தள்ளிப் போட்ட புது ஓட்டைகளில் உட்காருகிறது. தரையில் புதிதாகத் துளை எதுவும் இல்லை.

இதில் ஒரு சிக்கல். பட்டையைத் தரையோடு பிணைக்கும் போல்ட்டின் தலை, மேலே வரும் ரெயிலுக்கு அடியில் மாட்டிக்கொள்ளும். ஆகவே தலை இரும்புக்குள் மூழ்கும்படியான கூம்புத்தலை ஆலன் போல்ட் வேண்டும். நட்டு போல்ட் கடையில் போய் "எட்டு எம்.எம். சி.எஸ்.கே. நான்கு" என்றேன். பக்கத்தில் நின்ற பையன் மஞ்சள் சட்டை விற்கிற கடையா இது என்பது போலப் பார்த்தான். கடைக்காரர் திரும்பிக்கூடப் பார்க்காமல் டப்பாவை எடுத்தார். அந்த எழுத்து மூன்றும், கூம்புத்தலையைக் குறிக்கும் 'கவுன்டர்சங்க்' என்பதன் சுருக்கமாக, கிரிக்கெட்டுக்குப் போவதற்கு ரொம்ப நாள் முன்பே இங்கே புழங்கியவை.

லேத் பட்டறையில் பட்டையில் 90 டிகிரி கூம்புக் குழி போட்டார்கள். ரெயிலுக்கான ஓட்டையில் 6.8 மி.மீ. டிரில் ஓட்டி, எட்டு எம்.எம். போல்ட்டுக்கு ஒன்றேகால் மி.மீ. இடைவெளியில் மரை போட்டோம். தரைக்கு அடியில் ஒவ்வொரு நட்டுக்கும் 75 மி.மீ. சதுரத்தில் 3 மி.மீ. தகடு. வெறும் வாஷர் மட்டும் வைத்தால், மெல்லிய தரைத் தகட்டைக் கிழித்துக்கொண்டு போல்ட் மேலே வந்துவிடும். தகடு வைத்தால் அந்த இழுப்பு நாலாபுறமும் பரவும். ரெயிலைப் பிடிக்கும் போல்ட்டுகளில் தலையில் 8.8 என்று பொறித்தவையாகப் பார்த்து எடுத்தேன். முதல் எட்டு, சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன் வரை அறுந்துபோகாது என்பதற்கான கணக்கு. எண் இல்லாத போல்ட் பாதி விலைக்குக் கிடைக்கும். கதவுக் கீலுக்கு அது போதும்.

ஒரு தவறு இங்கே நடந்தது. ரெயிலைப் பட்டையில் பூட்ட 20 மி.மீ. நீள போல்ட் வாங்கியிருந்தேன். நன்றாக இறுகின. குறித்த இறுக்கம் வந்ததும் ஒலிக்கும் டார்க் ஸ்பேனரில் 25 நியூட்டன் மீட்டர் வைத்தேன், 'கிளிக்' என்றது. இருக்கையைப் பிடித்து ஆட்டினால் பின்பக்கம் லேசாக ஆடுகிறது. மறுபடி இறுக்கினேன், மறுபடி கிளிக், மறுபடி ஆட்டம். ஒரு டீ குடித்துவிட்டு வந்தபிறகுதான் மண்டையில் ஏறியது. ரெயிலின் பாதம் 3, ஸ்பிரிங் வாஷர் 2, மீதி 15 மி.மீ. போல்ட் 10 மி.மீ. பட்டைக்குள் போனால் 5 மி.மீ. அடியில் நீட்டும். அந்த முனை தரையில் முட்டி நின்றுகொண்டு, இறுகிவிட்டதாகப் பொய் சொல்லியிருக்கிறது. 16 மி.மீ. போல்ட் வாங்கி, அதிலும் ஒன்றரை மில்லிமீட்டர் உரசிக் குறைத்துப் போட்டதும் ஆட்டம் நின்றது. தரையில் புடைத்திருந்த இரண்டு மொட்டுகளை மரச் சுத்தியால் தட்டிச் சரிசெய்து, அங்கே பெயிண்ட்டைத் தொட்டு வைத்தேன்.

பட்டையின் முன்பக்கத்தை மட்டும் 10 மி.மீ. உயர்த்தினேன். தொடைக்கு இருக்கை தாங்கல் கொடுக்காததுதான் இடுப்பு வலிக்குப் பாதிக் காரணம். முன் போல்ட்டுக்கும் பின் போல்ட்டுக்கும் இடைவெளி 300 மி.மீ. என்பதால் முன்னே 10 மி.மீ. ஏற்றினால் இருக்கை ஏறக்குறைய 2 டிகிரி பின்னால் சாயும். கேட்கச் சின்ன எண். ஆனால் 550 மி.மீ. உயரச் சாய்மானத்தின் உச்சி இதனால் 18 மி.மீ. பின்னே போகிறது. பெஞ்சுக்கு விட்ட இடைவெளியை இது சாப்பிட்டுவிடுமோ என்று பயந்தேன். நல்லவேளை, பெஞ்சு தாழ்ந்திருப்பதால் இடிக்கும் இடம் அடியில்தான், உச்சியில் இல்லை. முதலில் 15 மி.மீ. வைத்துப் பார்த்தேன், தொடை ஸ்டியரிங்கைத் தொட்டது. உயர்த்துவதற்கு வாஷர்களை அடுக்கக்கூடாது. ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும். 30 மி.மீ. விட்டத்தில் ஒரே துண்டாக லேத்தில் கடைந்து வாங்கினேன், ஒன்றுக்கு 40 ரூபாய்.

31-வது வளைவின் விஷயத்துக்கு வருகிறேன். இருக்கைக்கு இரண்டு ரெயில், இரண்டு கொக்கி. லிவர் ஒரு கம்பியால் இரண்டையும் சேர்த்துத் தூக்குகிறது. என் வண்டியில் வெளிப்புறக் கொக்கி மட்டுமே பல்லில் விழுந்துகொண்டிருந்தது. உட்புற ரெயில், துருப்பிடித்த தரையோடு சேர்ந்து கொஞ்சம் கோணிப்போனதால், அந்தக் கொக்கி பல்லின் முதுகில் உட்கார்ந்து சும்மா சவாரி செய்துகொண்டிருந்திருக்கிறது. தனியாகப் பாரம் சுமந்த வெளிப்புறப் பல்லின் முனை மழுங்கிவிட்டது. பல் மழுங்காத பழைய ரெயில் ஜோடி ஒன்றைத் தேடி மாற்றினேன்.

இரண்டு ரெயிலும் இணையாக இருக்கின்றனவா என்று பார்க்க ஒரு தச்சரிடம் கற்ற வழி உதவியது. கதவு நிலைக்கு மூலைவிட்டம் பார்ப்பார்களே, அதேதான். இடது முன் போல்ட்டிலிருந்து வலது பின் போல்ட்டுக்கு ஓர் அளவு, வலது முன்னிலிருந்து இடது பின்னுக்கு ஓர் அளவு. எனக்கு முதலில் 5 மி.மீ. வித்தியாசம் வந்தது. போல்ட்டுகளைத் தளர்த்தி, இருக்கையை முன்கோடிக்கும் பின்கோடிக்கும் நாலைந்து முறை ஓட்டி, ரெயில்கள் தாமாக ஒழுங்குக்கு வந்தபின் ஒவ்வொன்றாக மாற்றி மாற்றி இறுக்கினேன். வித்தியாசம் ஒரு மில்லிமீட்டருக்குள் வந்தது. லிவரை விட்டதும் முன்பு ஒரு 'டக்' கேட்கும். இப்போது 'டடக்' என்று இரண்டு, ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு. அந்த ஒலியைக் கேட்பதற்காகவே அன்று பத்துப் பதினைந்து முறை இருக்கையை ஓட்டினேன். பக்கத்து வீட்டுப் பையன் வந்து என்ன செய்கிறீர்கள் என்று கேட்டான். சொல்லிப் புரியவைக்க முடியவில்லை.

மெத்தைக்குக் குஷன் கடை. நாமக்கல் லாரி ஊர் என்பதால் ஓட்டுநர் இருக்கை தைப்பவர்களுக்குப் பஞ்சமில்லை. உறையைப் பிரித்ததும் குஷன்காரர் உள்ளே கையை விட்டு ஒரு கொத்து தென்னை நாரை எடுத்துக் காட்டினார். ஃபோம் தூளாகிவிட்டது, அது உட்கார்ந்த பள்ளத்தை நாராலும் மடித்த சாக்காலும் யாரோ நிரப்பியிருக்கிறார்கள். கீழே வளைவு வளைவான கம்பி ஸ்பிரிங்கில் இரண்டு கொக்கிகள் கழன்று, கட்டுக்கம்பியால் கட்டப்பட்டிருந்தன. நான் இடது பக்கம் சாய்ந்தே உட்காருவதாக மனைவி சொல்லிக்கொண்டிருந்ததற்கு விளக்கம் கிடைத்தது.

எனக்கு மெத்தென்று வேண்டும் என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு ஸ்டூலின் மேல் மெத்தென்ற ஃபோம் துண்டைப் போட்டு, "உட்காருங்கண்ணா, பேப்பர் படியுங்கள்" என்று தினசரியைக் கையில் கொடுத்துவிட்டு அவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். முதல் பக்கம் முடியும்வரை சுகம். விளையாட்டுப் பக்கம் வருவதற்குள் அடியில் இருந்த பலகை தட்டுப்பட ஆரம்பித்தது. பிறகு அவர் வேறு ஒன்றைப் போட்டார். அடியில் துண்டு ஃபோமை அழுத்திச் செய்த கெட்டிப் பலகை, மேலே 40 அடர்த்தி ஃபோம். உட்கார்ந்தவுடன் முரட்டுத்தனமாக இருந்தது. அதில்தான் ராசிபலன் வரை படித்து முடித்தேன். ஆக, அடியில் கெட்டி 30 மி.மீ., மேலே 40 மி.மீ.; பட்டையால் ஏறிய 10 மி.மீ. உயரத்தை மெத்தையில் குறைத்துக்கொண்டோம். தையல் மடிப்பு தொடைக்கு அடியில் வராமல் ஓரத்துக்குத் தள்ளச் சொன்னேன். உறைக்குத் துளையிட்ட ரெக்சின். துணி வியர்க்காது என்பது உண்மைதான், ஆனால் துணிக்கூரை வண்டியில் மழைக்குப் பிறகு மூன்று நாள் ஈரத்தில் உட்கார யாரால் முடியும்?

பக்கத்து இருக்கையில் அம்மா உட்காருவார். அதற்கு மிளகை எடுத்து, ரெயிலைக் கழுவி, ஸ்பிரிங் கொக்கியை மாட்டியதோடு சரி. ஏறுவதற்குக் கைப்பிடி ஒன்று கேட்டார், போட்டேன்.

பெல்ட்டை மறந்துவிடக்கூடாது. பெல்ட்டின் பூட்டு தரையில் பழைய இடத்திலேயே நிற்க, நான் 64 மி.மீ. பின்னே போய்விட்டேன். பூட்டு இப்போது இடுப்பெலும்புக்குச் சற்று முன்னால் வராமல் பக்கத்திலேயே இருக்கிறதா, இடுப்புப் பட்டி வயிற்றின் மேல் ஏறாமல் எலும்பில் படிகிறதா என்று பார்த்தேன். சரியாகவே இருந்தது. இருக்கையின் முன்பக்கம் உயர்ந்ததால், பெல்ட்டுக்கு அடியில் நழுவும் போக்கும் குறைந்திருக்கிறது. ஒருவேளை சரியாக வரவில்லை என்றால், பூட்டையும் இடம் மாற்றுகிற வேலை வந்திருக்கும். அது சின்ன வேலை இல்லை.

கடைசியாக ஒரு முரட்டுச் சோதனை. எஞ்சினை நிறுத்தி, கைபிரேக் போட்டு, பிரேக்கில் காலை ஊன்றி முதுகால் முழுப் பலத்தோடு பின்னே தள்ளினேன். பிறகு மைத்துனரும் பக்கத்து வீட்டுக்காரரும் பின்னால் நின்று சாய்மானத்தைப் பிடித்து முன்னே தள்ளினார்கள். அசையவில்லை. ஒவ்வொரு போல்ட் தலையிலிருந்தும் பட்டைக்கு வெள்ளைப் பெயிண்ட்டால் ஒரு கோடு இழுத்து வைத்தேன். தளர்ந்தால் கோடு முறியும். 100 கிலோமீட்டர் ஓடியபின் பார்த்ததில் ஒன்று முடியளவு முறிந்திருந்தது, இறுக்கினேன். அதன்பிறகு இல்லை.

செலவு: பட்டை, லேத், போல்ட் எல்லாம் சேர்த்து 1,900, டிங்கரிங் 1,500, பழைய ரெயில் 800, குஷன் இரண்டு இருக்கைக்கும் 4,200. இரும்புக் கடையில் விட்ட 2,000-ஐ இந்தக் கணக்கில் சேர்க்க மனமில்லை.

மனைவிக்கு முதல் பல்லில் கிளட்ச் எட்டுகிறது, ஆனால் முதுகுக்குப் பின்னால் ஓர் இடைவெளி விழுகிறது. குஷன்காரர் மிச்சக் கெட்டி ஃபோமில் இரண்டு விரல் கனத்துக்கு ஒரு முதுகுத் திண்டு தைத்துக் கொடுத்தார். வண்டியை அவர் எடுத்தால் திண்டு இருக்கையில். நான் எடுத்தால் அது பின் பெஞ்சில். இரண்டு முறை திண்டோடு சேர்த்து உட்கார்ந்து, முழங்கால் இடிக்க, அளவெல்லாம் தப்பாகிவிட்டதோ என்று பதறியிருக்கிறேன்.

தை மாதம் முதல் முறையாக முழுதாக ஏறினேன். 40 போனது, 50 போனது. 58-இல் ஒரு லாரிக்கு வழிவிட்டுப் பின்னால் எடுக்க வேண்டியிருந்தது. திரும்பிப் பார்க்கும்போது தோள் சாய்மானத்தில் முழுக்கப் பதிவதை அன்றுதான் உணர்ந்தேன். சோளக்காட்டில் இறங்கி நேராகக் கடைக்கு நடந்து டீ சொன்னேன். கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க மறந்துவிட்டது டீ பாதி முடிந்தபிறகே நினைவுக்கு வந்தது.

போன வாரம் மனைவி வண்டியை எடுக்கப் போனவர் திரும்பி வந்து, "என்னங்க, இருக்கை நறநற என்கிறது" என்றார். டார்ச்சை எடுத்துக்கொண்டு போய்க் குனிந்து பார்த்தேன். உட்புற ரெயிலில், மூன்றாவது பல்லுக்குப் பக்கத்தில், மூன்று மிளகு. இந்த முறை எங்கள் தோட்டத்து மிளகு.